1899ஆம் வருடத்து வரன்கள்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
18 ஜூலை 2024

என் அன்பு அனிஷா மக்களே,

அத்தை எழுதுகிறேன். நான் சுகம். மாடிப்படி ஏறும்போது மட்டும் இடது முட்டி முனகுகிறது. நீ சுகமா? திண்டுக்கல் பக்கம் தண்ணீர் சரியில்லை என்கிறார்களே, காய்ச்சிக் குடிக்கிறாயா?

நீ நவதுறவகத்துக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. போன் கிடையாது, மாதத்துக்கு ஒரு கடிதம்தான், அதையும் பொறுப்பாளர் சிஸ்டர் படித்துப் பார்த்துத்தான் கொடுப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள். படிக்கட்டும். நாம் என்ன கடத்தலா செய்கிறோம்? சிஸ்டர், இந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும் தோத்திரம்.

அடுத்த மே மாதம் நீ வார்த்தைப்பாடு கொடுத்து கன்னியாஸ்திரி ஆவதா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதா என்பது உன் முடிவு. பத்து வயதில் தாய் தகப்பனை இழந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை என்பதற்காக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். ஆகையால் கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

நீ போன இரண்டாம் வாரமே நம் மணத்தகவல் மையத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கல்மண்டபம் பக்ருதீன் கடைக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொண்டுவந்தோம். வரன்கள் பத்திரமாக இருக்கிறார்கள். ஆனால் ‘புது வரன்’ பக்கத்தைத் திறந்ததும் பதிவுத் தேதி தானாக வந்து நிற்குமே, அது வரவில்லை. நானே டிசைனைத் திறந்தேன். ‘டீஃபால்ட் வேல்யூ’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் சமக்குறி போட்டு, அன்றைய தேதியை அடித்து மூடினேன். நாள்காட்டியில் தாள் கிழிக்கிற மாதிரி தினமும் காலையில் அதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஒரு வாரமாக அப்படித்தான் மாற்றுகிறேன், இன்றைக்கு 18/07/2024.

மையத்தில் கூட வேலை பார்க்கும் நம் செங்கொடிதான் முதலில் பார்த்தாள். “மேடம், இன்னா இது? இந்த வாரம் வந்த பதினாலு பேரும் 1899ல பதிஞ்சவங்கன்னு கீது!” என்றாள். போய்ப் பார்த்தால் எல்லாருக்கும் 30 டிசம்பர் 1899. அப்போது ராயபுரம் ஸ்டேஷன் இருந்தது. நம் மையம் இல்லை.

அது போகட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வரன் அமையாதவர்களுக்கு ஆறுதல் சீட்டு ஒன்று தானாக அச்சாகும்படி செய்துவைத்தாயே, அது அந்தப் பதினாலு பேருக்கும் போய்விட்டது. திருவொற்றியூர் ஹார்டுவேர் கடை தவசிமுத்து அண்ணாச்சி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். “தங்கள் மகன் ஜெரின் பதிவு செய்து 124 ஆண்டுகள் ஆகியும் வரன் அமையாததற்கு வருந்துகிறோம். நம்பிக்கை இழக்க வேண்டாம்” என்று போட்டிருக்கிறது. “ஏன் ரோஸ்மேரி, எம் பையன் போன செவ்வாக்கிழமதானே பதிஞ்சான்? இந்தச் சீட்ட வேற எவனும் பாத்தா பொண்ணு குடுப்பானா?” என்று கத்தினார். மோர் கொடுத்து உட்கார வைத்தேன்.

உடனே வழி சொல்லி எழுது. ஜெபத்தில் என்னை மறக்காதே. மறந்தாலும் கம்ப்யூட்டரை மறக்காதே.

இப்படிக்கு,
முட்டி வலியோடும் அன்போடும்,
ரோஸ்மேரி அத்தை


நவதுறவகம்,
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

இயேசுவில் அன்பான அத்தைக்கு,

தோத்திரம். நான் சுகம். தண்ணீர் காய்ச்சித்தான் தருகிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுகிறேன் என்றால் செங்கொடி அக்கா நம்பமாட்டார். அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துச் சிரித்தேன். மூன்றாவது முறை மௌன நேரத்தில் சிரித்ததால் பாத்திரம் கழுவும் முறை எனக்கு இரண்டு நாள் கூடியிருக்கிறது.

உங்கள் தப்பு எதுவும் இல்லை, அத்தை. நீங்கள் தேதி என்று நினைத்துச் சாய்கோடு போட்டீர்கள். அதற்குச் சாய்கோடு என்றால் வகுத்தல். 18ஐ 7ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 2024ஆல் வகுத்துவிட்டது. விடை மிகச் சின்னது, ஒரு நாளில் இரண்டு நிமிடம்கூட வராது. அதனுடைய நாட்கணக்கு 1899 டிசம்பர் 30இல் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அங்கிருந்து இரண்டு நிமிடம் தள்ளி எல்லாரையும் நிறுத்திவிட்டது.

இதைச் சரிசெய்வது சுலபம். அந்தக் கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

[இங்கே மூன்று வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.]

அவ்வளவுதான். தினமும் மாற்ற வேண்டாம், அன்றைய தேதி தானாக வரும். தவசிமுத்து மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் முட்டிக்காகத் தினமும் ஜெபிக்கும்,
அனிஷா


இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
20 ஆகஸ்ட் 2024

அன்பு அனிஷாவுக்கு,

நான் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வியாதி என்ன என்று எழுதியிருக்கிறாய், மருந்து எழுதிய இடத்தில் தார் ஊற்றியிருக்கிறார்கள். தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தேன். செங்கொடி செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். “ஒரு வளைவு மட்டும் தெரியுது மேடம். நிலா மாதிரி கீது,” என்றாள். நிலாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பக்ருதீனைக் கூப்பிட்டேன். “சாய்கோடு வகுக்குதுன்னா படுத்த கோடு போட்டா போச்சு மேடம், இதுக்குப் போயி பேஜாராவுறீங்களே,” என்று சொல்லி 19-08-2024 என்று அவரே அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தவசிமுத்து அண்ணாச்சிக்காக ஜெரினுடைய பழைய பதிவை அழித்துவிட்டு, புதுப் பக்கம் திறந்து, சுத்தமாக மறுபடி பதிந்தேன்.

26 ஜூன் 1894 என்று வந்தது.

முன்னால் வரச் சொன்னால் இன்னும் ஐந்து வருடம் பின்னால் போகிறது, இது என்ன பிடிவாதம்? ஆறுதல் சீட்டு மறுபடி போய்விட்டது. இந்த முறை 130 ஆண்டுகள். அண்ணாச்சி கத்தவில்லை. சீட்டை மேசையில் வைத்து, “ஒரு மாசத்துல ஆறு வயசு ஏத்திட்ட ரோஸ்மேரி. பொங்கலுக்குள்ள இன்னும் எங்க கொண்டுபோய் விடுவ?” என்று மட்டும் கேட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பொறுப்பாளர் சிஸ்டர் அவர்களுக்கு: கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த மூன்று வரியில் என்ன பாவம் இருந்தது?

இப்படிக்கு,
கோபமாக இருந்தாலும் உன் அத்தையாகவே இருக்கும்,
ரோஸ்மேரி


நவதுறவகம்,
2 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய ரோஸ்மேரி அம்மையாருக்கு,

ஆண்டவருடைய சமாதானம் தங்களோடு இருப்பதாக. தங்கள் முட்டி வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

இம்மாதம் அனிஷாவுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். அவ்வரிகளில் சமக்குறியும், ஆங்கில எழுத்துகளும், அடைப்புக்குறிகளும் இருந்தன. முப்பத்தோரு வருடங்களாக இளம்பெண்களின் கடிதங்களைப் படித்துவருபவள் என்ற முறையில், அது யாரோ ஓர் இளைஞனுக்கான சங்கேதம் என்று முடிவு செய்துவிட்டேன். அனிஷா எங்கள் அலுவலகக் கணினியில் செய்து காட்டிய பிறகே என் பிழை புரிந்தது. மன்னிக்கவும்.

வழி இதுவே: முதலில் சமக்குறி. பிறகு டி, ஏ, டி, இ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். அதன்பின் ஒரு திறந்த அடைப்புக்குறி, உடனே ஒரு மூடிய அடைப்புக்குறி. அவற்றின் நடுவில் எதுவும் போடக் கூடாது. படுத்த கோடு அதற்குக் கழித்தலாம். பத்தொன்பதில் எட்டையும் இரண்டாயிரத்து இருபத்துநான்கையும் கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போவது இயல்புதானே என்று அனிஷா சொல்லச் சொன்னாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கோழிப்பண்ணைப் பதிவில் இரண்டு வருடங்களாக எல்லா முட்டைகளும் 1899இல் இடப்பட்டவையாகவே இருந்தன. அதை ஒரு சோதனை என்று ஏற்றுக்கொண்டு பொறுமையாக இருந்தோம். இப்போது சரியாகிவிட்டது. ‘நடுவில் எதுவும் போடாமல் வெறுமையாக விட்டால்தான் இன்றைய நாள் கிடைக்கும்’ என்பதையே மறுநாள் நவதுறவியருக்குத் தியானமாகக் கொடுத்தேன். நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

தங்கள் ஜெபத்தை நாடும்,
சிஸ்டர் எமிலியானா


இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
25 செப்டம்பர் 2024

என் அன்பு மக்களே,

நான் சுகம். சிஸ்டர் எமிலியானாவுக்கு என் நன்றியைச் சொல். கோழிகளையும் விசாரித்ததாகச் சொல்.

வேலை செய்கிறது! முதல் நாள் செய்யவில்லை. அடைப்புக்குறியை வெறுமையாக விடுவது எனக்கு மரியாதையாகத் தெரியவில்லை, நடுவில் அன்றைய தேதியைப் போட்டேன். அது என்னைத் திட்டி ஆங்கிலத்தில் ஒரு பெட்டி காட்டியது. எடுத்துவிட்டேன், உடனே 12 செப்டம்பர் 2024 என்று அழகாக வந்து நின்றது. செங்கொடி கை தட்டினாள். 1899க்காரர்களை ஒவ்வொருவராகத் திறந்து கையால் திருத்திவிட்டோம். அண்ணாச்சி மகன் இந்த நூற்றாண்டுக்கு வந்துவிட்டான்.

ஜெரின் நல்ல பையன் தெரியுமா? வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை. முப்பது வயதாகிறது, ஞாயிறு பூசை தவறுவதில்லை. மீனில் முள் எடுத்துச் சாப்பிடத் தெரியும். இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இப்போது வேறொரு கோளாறு. பிறந்த தேதி மாறுகிறது. அதுவும் எல்லாருக்கும் இல்லை. மாதத்தில் 13ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களை விட்டுவிடுகிறது. 12க்குள் பிறந்தவர்களை மட்டும் பிடிக்கிறது. உதாரணமாக, 7-3-1999 என்று அடித்தால், அச்சாகும் தாளில் 3 ஜூலை 1999 என்று வருகிறது. “பன்னெண்டு சீடர் கணக்கா மேடம்?” என்று செங்கொடி கேட்கிறாள். நீதான் பதில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
இந்த வருடத்திலேயே வாழும்,
ரோஸ்மேரி அத்தை


நவதுறவகம்,
6 அக்டோபர் 2024, ஞாயிறு

அன்பான அத்தைக்கு,

தோத்திரம். நான் சுகம். இப்போது கோழிப்பண்ணைப் பொறுப்பு என் தலையில்.

சீடர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று செங்கொடி அக்காவிடம் சொல்லுங்கள். பக்ருதீன் அண்ணன் புதிதாகப் போட்டபோது கம்ப்யூட்டரின் நாட்டை அமெரிக்கா என்றே விட்டுவிட்டார். அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். அதனால் 7-3 அதற்கு ஏழாம் மாதம் மூன்றாம் தேதி. 25-3 என்றால், இருபத்தைந்தாம் மாதம் கிடையாதே என்று தானே யோசித்துத் திருப்பிக்கொள்கிறது. கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றச் சொல்லுங்கள். ஆனால் தப்பாகப் பதிந்தவர்களைக் கையால்தான் திருத்த வேண்டும்.

அத்தை, ஒன்று கேட்கட்டுமா? உதாரணத்துக்கு எழுதியிருக்கிறீர்களே, 7-3-1999. அது என் பிறந்த நாள். அதை எதற்காகப் ‘புது வரன்’ பக்கத்தில் அடித்தீர்கள்?

பதிலை எதிர்பார்க்கும்,
அனிஷா


இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
2 டிசம்பர் 2024

அன்பு அனிஷாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உடனே எழுத முடியவில்லை. மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அதற்கு முன்னால் கல்லறைத் திருநாள் வேலை. அதற்கும் முன்னால் எனக்கு ஜலதோஷம். நடுவில் பேனாவில் மை தீர்ந்துபோயிற்று.

கம்ப்யூட்டரை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டோம். இப்போது எல்லாரும் அவரவர் பிறந்த நாளிலேயே பிறக்கிறார்கள்.

எண்ணூர் பக்கம் மீன் வரத்து குறைவு. கவளை மட்டும் வருகிறது. உன் அறை ஜன்னலைத் துடைத்து வைத்திருக்கிறேன். மழையில் கதவு உப்பிக்கொண்டதால் துடைத்தேன், வேறு காரணம் இல்லை.

அங்கே குளிருமா? பழுப்பு ஸ்வெட்டர் போதுமா?

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

அத்தை

பின்குறிப்பு: உதாரணம் என்றால் ஏதோ ஒரு தேதியைப் போடத்தானே வேண்டும்.


வியாசர்பாடி,
10 ஜனவரி 2025

அனிஷா கண்ணுக்கு செங்கொடி அக்கா எழுதிக்கிறது,

நல்லா கீறியா? நாங்க நல்லா கீறோம். எம் புள்ள சித்தார்த் பத்தாவது பரிச்சைக்குப் படிச்சிகினு கீறான். உங்க அத்த நல்லாதான் கீது, ஆனா நல்லா இல்ல. அதுக்குத்தான் எழுதுறன். அந்த சிஸ்டரம்மா படிச்சா படிக்கட்டும். வணக்கம் சிஸ்டர்.

நம்ம கம்ப்யூட்டர்ல வரன் பதிவு 612ம் நம்பர்ல உன் பேரு கீது கண்ணு. பொய் சொல்லல. போட்டோ கூட கீது, காலேஜ்ல எடுத்தியே பச்சக் கலர் சுடிதார், அது. போன ஜூலைல உனக்கு மொதக் கடுதாசி எழுதிச்சே, அன்னிக்கே போட்டுட்டுச்சு. மாதா படத்துக்கு முன்னாடி ஒண்ணும் எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு நேரா வந்து இத அடிச்சுது. கேட்டா, “எழுதத்தான மாட்டேன்னேன், டைப் பண்ண மாட்டேன்னா சொன்னேன்?” அப்டீன்னுது.

1899ல நின்னுகினு இருந்த எல்லாரையும் இந்த வருசத்துக்கு இட்டாந்துட்டோம். உன்னுத மட்டும் தொடவுடல. அதனால நீ மட்டும் இன்னும் 1899லயே கீற. ஆறுதல் சீட்டு மாசா மாசம் உன் பேருக்கும் வருது. அத யாருக்கும் அனுப்ப முடியாதே, அத்தையே எடுத்து டிராயர்ல வச்சிகினு கீது.

தவசிமுத்து சாருகிட்ட, “மே மாசம் வரைக்கும் பொறுங்க, ஒரு நல்ல பொண்ணு வருவா”ன்னு சொல்லி வச்சிகீது. அந்த ஜெரினு பாவம், நல்ல புள்ள. எந்தப் பொண்ணு காட்டினாலும் அவங்க அப்பாரு மே மாசம், மே மாசம்னுறாரு.

தெனம் காலைல வந்தவுடனே 612ஐத் தொறந்து வச்சிகினு ஒக்காந்துகினு கீது. டீ ஆறிப்போவுது. நான் ஒண்ணும் கேக்கல. எனக்குத்தான் மனசு கேக்கல, எழுதிட்டன். வர்றதும் வராததும் உன் இஷ்டம் கண்ணு. ஆனா எதுவா இருந்தாலும் அதுங்கிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாத, வேலை பூடும்.

அன்புடன்,
செங்கொடி அக்கா


நவதுறவகம்,
2 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்பான அத்தைக்கு,

தோத்திரம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பிறகு பிறப்புக் காலத்திலும் கடிதம் எழுத அனுமதி இல்லை, அதனால்தான் தாமதம். ஸ்வெட்டர் போதும். கோழிகள் சுகம்.

டீஃபால்ட் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது தானாக வந்து நிற்பது புதிதாகத் திறக்கும் பக்கத்தில் மட்டும்தான். ஏற்கெனவே நிரப்பிய பதிவை அது தொடாது. ஏதாவது ஒரு பதிவு பழைய தேதியிலேயே நின்றுபோயிருந்தால், யாராவது அதைத் திறந்து கையால்தான் மாற்ற வேண்டும். இங்கிருந்து என்னால் அது முடியாது, அத்தை. அங்கிருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

மே 31, சனிக்கிழமை, முதல் வார்த்தைப்பாடு கொடுக்கப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறேன். இதைச் சிஸ்டர் எமிலியானா படிப்பார் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறேன். உங்களை நினைக்கும்போது மட்டும் அழுகை வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வருகின்றன, சில நாள் ஒரே மணி நேரத்தில்.

மையத்துக்கு வருகிறவர்கள், ஊருக்கெல்லாம் வரன் பார்க்கும் நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பார்களே, நினைவிருக்கிறதா? “அந்தக் கட்டத்தை நான் நிரப்பல. காலியா விட்டா இந்தப் படிவம் ஒண்ணும் கிழிஞ்சு போகாது” என்பீர்கள். எல்லாருக்கும் தானாக வந்து நிற்பது நமக்கும் வந்து நிற்க வேண்டியதில்லை என்று நான் கற்றுக்கொண்டது அந்தப் பதிலில்தான். ஆனால் என் கட்டம் காலியாகவும் இல்லை, அத்தை. அது நிரம்பியிருக்கிறது.

வருத்தப்படாமல் வாருங்கள் என்று கேட்கமாட்டேன். வருத்தத்தோடாவது வந்துவிடுங்கள்.

அடுத்து தவக்காலம். ஈஸ்டர் வரை என்னிடமிருந்து கடிதம் வராது. நீங்கள் எழுதலாம்.

உங்கள் பிள்ளை,
அனிஷா


இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
12 மே 2025

என் அன்பு மக்களே,

நான் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்று நீயே எழுதிவிட்டாய், அதனால் கேட்கவில்லை.

மூன்று மாதம் நான் எழுதவில்லை. மழை, ஜலதோஷம் என்று எதையும் சொல்லப்போவதில்லை. கோபமாக இருந்தேன். பிறகு அழுதேன். பிறகு உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன், மறுபடி கோபம் வந்தது. பதினைந்து வருடம் உனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான், நான் சொன்ன பதிலையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டாயே என்று கோபம். நேற்றுதான் அது தீர்ந்தது.

செங்கொடி எழுதினாள் என்பதும் எனக்குத் தெரியும். தபால் தலை என் டிராயரிலிருந்து எடுத்தது. அவளுக்கு வேலை போகாது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தவசிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நான் கொடுத்த மோரைக் குடித்து முடித்தார். பிறகு, “நூத்தி முப்பது வருஷம் காத்தாச்சு, இன்னும் ஒரு மாசத்துல என்ன வந்துடப் போகுது” என்றார். ஜெரினுக்கு வரும் ஞாயிறு மாதவரத்தில் பெண் பார்க்கிறோம். அந்தப் பெண்ணுக்கும் மீன் பிடிக்கும்.

இன்று காலை 612ஐத் திறந்தேன். முதலில் பதிவுத் தேதியை 1899இலிருந்து எடுத்து 18 ஜூலை 2024 என்று கையால் திருத்தினேன். பிறகு மொத்தமாக அழித்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் உன் படத்தை வைத்துக்கொண்டு ‘அழி’ பட்டனை என்னால் அழுத்த முடியவில்லை. அதனால் ‘மணம் முடிந்தது’ என்ற இடத்தில் டிக் போட்டேன், மாப்பிள்ளை விவரத்துக்கு ஒரு புதுப் பக்கம் திறந்தது.

நீ செய்துவைத்த அந்தப் பக்கம் சும்மா மூடுமா? மாப்பிள்ளை விவரம் முழுவதையும் நிரப்பினால்தான் மூடுவேன் என்கிறது. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுப் பார்த்தேன், விடவில்லை. நீயே எழுதியிருக்கிறாயே, உன் கட்டம் நிரம்பியிருக்கிறது என்று. சரி என்று உட்கார்ந்தேன்.

மணமகன் பெயர்: இயேசு.

தொழில் என்று கேட்டது. தச்சு என்று போட்டேன். சொந்த ஊர் என்ற கட்டத்தில் நாசரேத் என்று அடித்தேன், உடனே அடுத்த கட்டத்தில் ‘தூத்துக்குடி மாவட்டம்’ என்று தானாகவே வந்து நின்றது. அங்கேயும் ஒரு நாசரேத் இருக்கிறதே, அதை மாற்றவில்லை. நம் பக்கத்து மாப்பிள்ளை என்றால் மனசுக்கு ஒரு தெம்புதானே.

பிறந்த தேதியில்தான் மாட்டிக்கொண்டேன். 25-12-0001 என்று அடித்தால் ஏற்கமாட்டேன் என்கிறது. எப்படி அடித்தாலும் அதே பெட்டி. கடைசியில் 25-12-1 என்று மட்டும் அடித்தேன், உடனே ஏற்றுக்கொண்டது. பார்த்தால் 25 டிசம்பர் 2001.

மணநாள் கட்டத்தில் இன்றைய தேதி தானாக வந்து நின்றது. சிஸ்டர் எமிலியானாவின் வெறும் அடைப்புக்குறியை நான்தான் அங்கேயும் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டு 31-05-2025 என்று நானே அடித்தேன். ஒவ்வோர் எண்ணாக அடித்தேன், மக்களே.

சேமிக்கப் போனால் ஒரு பெட்டி குதித்து வந்தது. பழைய காலத்து அத்தை கோபிப்பாள் என்று நீயே எனக்காக எழுதிவைத்த எச்சரிக்கை. ‘மணமகன் மணமகளைவிட இளையவர். தொடரலாமா?’ கீழே இரண்டு பட்டன். ஆம். இல்லை.

எத்தனையோ வீட்டுக்கு அந்த ‘இல்லை’யை அழுத்தி அனுப்பியவள் நான். விரல் அங்கேயேதான் போயிற்று. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. பின்னால் டீயோடு நின்றிருந்த செங்கொடி மெதுவாகக் குனிந்து பார்த்தாள்.

“மூணு வயசு சின்னவரா இருந்தா இன்னா மேடம்? குடும்பம் நல்ல குடும்பம்,” என்றாள்.

சிரித்துவிட்டேன். அழுதேன் என்று அவள் சொன்னால் நம்பாதே. ‘ஆம்’ அழுத்தினேன்.

30ஆம் தேதி ரயிலில் நானும் செங்கொடியும் வருகிறோம். நம் மையத்தில் அமைந்த வரனுக்கெல்லாம் கொடுக்கிற எவர்சில்வர் குடத்தில் உன் பெயர் வெட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை பெயரையும் வெட்டட்டுமா என்று கடைக்காரன் கேட்டான். வெட்டச் சொல்லிவிட்டேன். உங்கள் சமையலறையில் இருக்கட்டும், கோழிக்குத் தண்ணீர் வைக்கலாம்.

வருத்தத்தோடுதான் வருகிறேன். ஆனால் பட்டுப் புடவையில் வருகிறேன்.

இப்படிக்கு,
பெண் வீட்டுக்காரி,
ரோஸ்மேரி அத்தை